பூட்டிய கடையும் ஓய்வு நாளும்: 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டமும் அரக்கோணம் வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

கடைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதல் நேரம் திறந்திருக்கலாமா என்னும் வினா ஐரோப்பாவில் சமயம் சார்ந்த வினாவாகத் தோன்றி, பின்னர்த் தொழிலாளர் வினாவாக மாறியது. சென்னை மாகாணத்தின் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஞாயிற்றை மூடும் நாளாகக் குறிக்கவில்லை. வாரத்தில் ஏதேனும் ஒரு நாள் கடை முழுமையாக மூடப்பட வேண்டும் என்று மட்டுமே விதித்தது. கடை பூட்டியிருப்பதே பணியாளர் ஓய்வுக்குச் சான்றாக அமைந்தது. 2019-ஆம் ஆண்டு அரசாணை கடையின் மூடுநாளையும் பணியாளரின் ஓய்வு நாளையும் தனித்தனியாகப் பிரித்தது. இப்பிரிவின் பொருளை, ரயில் சந்திப்பாக வளர்ந்த அரக்கோணத்தையும் அதனை அடுத்த தோல் தொழில் வட்டாரத்தையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வார விடுமுறை, கடைகள் சட்டம், அரக்கோணம், ரயில்வே பணிமுறை, சுழற்சி ஓய்வு, ஞாயிறு வணிகம்

முன்னுரை

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமைக் கடைத் திறப்பைத் தளர்த்தும் சட்ட முன்வடிவு 1986-இல் நாடாளுமன்றத்தில் தோல்வியுற்றது. திருச்சபையினரும் கடைப் பணியாளர் சங்கத்தினரும் ஒரே அணியில் நின்று அதனை எதிர்த்தனர். ஆளுங்கட்சி உறுப்பினர் பலரும் தம் அரசுக்கு எதிராகவே வாக்களித்தனர். 1994-இல் நிறைவேறிய ஞாயிறு வணிகச் சட்டம் ஒரு சமரசம். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே ஆறு மணி நேரம் மட்டும் திறக்கலாம். சிறு கடைகளுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. அந்த ஆறு மணி நேரத்தைக் கூட்டலாமா என்பதே அந்நாட்டில் இன்றும் நீடிக்கும் விவாதம்.

தமிழ்நாட்டு ஆய்வுலகில் இவ்விவாதம் அயல்நாட்டுச் செய்தியாகவே படிக்கப்படுகிறது. ஞாயிறன்று கடை திறப்பதற்கு இங்குத் தடை ஏதும் இல்லை என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அதே வினா, ஞாயிறு என்னும் பெயர் இல்லாமல், இங்கும் எழுந்து தீர்க்கப்பட்டிருக்கிறது. தீர்க்கப்பட்ட முறை இங்கிலாந்தின் முறைக்கு நேர் எதிரானது. அங்குச் சிறு கடைக்கு விலக்கும் பெரிய கடைக்குக் கட்டுப்பாடும் கிடைத்தன. இங்குப் பெரிய கடைக்கு விலக்கும் சிறு கடைக்குக் கட்டுப்பாடும் எஞ்சின. சட்டமன்றத்தில் பெரிதாக விவாதிக்கப்படாமல் அரசாணை வழியே நிகழ்ந்த இம்மாற்றத்தின் வேர்களைத் தேட 1947-க்கும் அதற்கு முன்பும் செல்ல வேண்டியுள்ளது.

கிழமைகளும் கடையடைப்பும்

தமிழ்நாட்டு ஊர்களில் ஓய்வு நாள் ஒரே கிழமையாக இருந்ததில்லை. முடிதிருத்தும் நிலையங்கள் செவ்வாயன்று மூடப்படுகின்றன. கட்டடத் தொழிலாளரும் கைத்தறி நெசவாளரும் அமாவாசையன்று கருவிகளைக் கீழே வைக்கும் வழக்கம் பரவலானது. அரக்கோணம் வட்டத்துக் குருவராசப்பேட்டை போன்ற நெசவூர்கள் இவ்வழக்கத்தின் எல்லைக்குள் அடங்குபவை. இசுலாமிய வணிகர் மிகுந்த ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விசாரம் ஆகிய ஊர்களில் வெள்ளி நண்பகல் தொழுகை வாரத்தின் நடுக்கோடாக அமைகிறது. வாரச்சந்தை கூடும் நாளோ ஊருக்கு ஊர் வேறுபடும். சந்தை நாளில் எந்தக் கடைக்காரரும் கடையை மூட விரும்புவதில்லை. கிழமை என்பது தொழிலோடும் குலத்தோடும் வழிபாட்டோடும் பிணைந்திருந்ததே ஒழிய, ஊர் முழுமைக்கும் பொதுவான ஓய்வு நாள் என்ற கருத்து உள்ளூர் மரபில் வேர்கொள்ளவில்லை.

ஞாயிறு இவ்வட்டாரத்துக்குள் மூன்று வாயில்கள் வழியே நுழைந்தது. முதலாவது, அரசு அலுவலகம். தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் காலத்தில் (1844–1848) அரசின் பொதுப்பணிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் நிறுத்தப்பட்டன. இரண்டாவது, கிறித்தவ சமயப் பணி. 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆர்க்காடு மிஷன், வேலூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் நிறுவியது. அவற்றின் வார அட்டவணை ஞாயிற்றை மையமாகக் கொண்டது. மூன்றாவதான தொழிற்சாலையே நெடுங்காலத் தாக்கம் உடையது.

தொழிற்சாலை ஞாயிற்றின் வரலாறு பம்பாயில் தொடங்குகிறது. நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் பயனாக, 1890 ஜூன் 10 அன்று ஆலை உரிமையாளர்கள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். அந்நாள் கண்டோபா வழிபாட்டுக்குரியது என்பதும் கோரிக்கையின் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. ஆகவே ஞாயிறு விடுமுறையை வெறும் கிறித்தவ இறக்குமதி என்று கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. தொழிலாளர்கள் தமக்குரிய காரணத்தோடு அதனைக் கேட்டுப் பெற்றனர். 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களுக்கு மட்டுமே மாதம் நான்கு நாள் விடுமுறை அளித்திருந்தது. 1891-ஆம் ஆண்டுத் திருத்தம் வார விடுமுறையை அனைவருக்கும் விரித்து, ஞாயிற்றை அதற்குரிய நாளாக வைத்தது.

விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் இத்தடத்திலேயே நடந்தது. வாரம் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்குகிறது. வாரத்தின் முதல் நாளில் வேலை வாங்கக் கூடாது. வாங்கினால் அதற்கு முந்தைய மூன்று நாள்களிலோ பிந்தைய மூன்று நாள்களிலோ ஒரு முழுநாள் மாற்று விடுமுறை தர வேண்டும். ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளும், பெண்கள் பெருமளவில் பணிபுரியும் காலணி ஆலைகளும் இச்சட்டத்தின் கீழ் வந்தவை. தொழிற்சாலைச் சட்டம் ஞாயிற்றை இயல்பான ஓய்வு நாளாகக் கொண்டதன் விளைவு கடைத்தெருவில் வெளிப்பட்டது. ஆறு நாள் ஆலைக்குள் இருக்கும் பெண் துணி எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் எஞ்சுவது ஞாயிறு ஒன்றே. ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வாகக் கிடைத்த நாள் கடைப் பணியாளருக்கு வாரத்தின் கடுமையான வேலை நாளாயிற்று. ஞாயிறு வணிகம் பற்றிய எந்த விவாதமும் இம்முரணைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

சட்டம் சொன்னதும் சொல்லாததும்

கடைப் பணியாளரைச் சட்டம் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1921-ஆம் ஆண்டு வார ஓய்வு உடன்படிக்கையை இந்தியா 1923-இலேயே ஏற்றது. ஆயினும் அவ்வுடன்படிக்கை ஆலை, சுரங்கம், போக்குவரத்து முதலிய துறைகளுக்கு உரியது; வணிகம் அதன் எல்லைக்கு வெளியே நின்றது. மாகாண அளவில் பம்பாய் 1939-இலும், வங்காளமும் பஞ்சாபும் 1940-இலும் கடைப் பணியாளர் சட்டங்களை இயற்றின. நடுவண் அரசு 1942-இல் வார விடுமுறைகள் சட்டத்தைக் கொண்டுவந்து, விரும்பும் மாகாணங்கள் அதனை ஏற்றுச் செயற்படுத்தலாம் என்று விட்டது. சென்னை மாகாணத்தின் சட்டம் 1947-இன் 36-ஆம் சட்டமாக, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவைக் காலத்தில் வந்தது.

இச்சட்டத்தின் வார விடுமுறைப் பிரிவு இரு விதிகளை அடுத்தடுத்து வைக்கிறது. ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். அந்நாள் எது என்பதைக் கடைக்காரரே தெரிவு செய்து, கடையில் எளிதில் கண்ணில் படும் இடத்தில் நிலையான அறிவிப்பாக வைக்க வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறைக்கு மேல் அதனை மாற்றக் கூடாது. இது முதல் விதி. கடையில் பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு முழுநாள் விடுமுறை தர வேண்டும் என்பது இரண்டாம் விதி. விடுமுறைக்காக ஊதியம் பிடிக்கக் கூடாது. முதல் விதியின் வாசகம் 1942-ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தை அடியொற்றியது.

கடைக்காரருக்கு விடப்பட்ட தெரிவுரிமை சிறிதாகத் தோன்றினாலும் வட ஆர்க்காடு போன்ற மாவட்டத்தில் அதன் பயன் பெரிது. வாணியம்பாடி வணிகர் வெள்ளியைத் தெரிவு செய்யலாம். ஆலையை நம்பிய கடைக்காரர் ஞாயிறு திறந்து வேறொரு நாளில் மூடலாம். சந்தை நாளைத் தவிர்த்து மூடுநாளை வகுக்கலாம். அரசு எந்த வழிபாட்டு நாளுக்கும் முதன்மை தரவில்லை. வெவ்வேறு சமயத்தார் அடுத்தடுத்த கடைகளில் வணிகம் செய்யும் நாட்டில் இதைவிடச் செம்மையான ஏற்பாட்டை எண்ணுவது கடினம்.

நாளை அரசே வகுக்க முயன்ற ஓர் எடுத்துக்காட்டு அண்டை நாட்டில் உண்டு. இலங்கை அரசு 1966-இல் ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் நான்கு நிலைகளை ஒட்டிய போயா நாள்களையும் அவற்றின் முன்நாள்களையும் வார ஓய்வாக்கியது. சந்திரனின் ஓட்டம் ஏழுநாள் கணக்கில் அடங்காமையால் வாரத்தின் நீளமே மாறி மாறி வந்தது. வெளிநாட்டு வணிகமும் வங்கிப் பணியும் இடர்ப்பட்டன. 1971-இல் ஞாயிறு மீண்டது. சென்னைச் சட்டம் நாளைக் கடைக்காரரிடம் விட்டதன் அறிவுடைமை இவ்வொப்பீட்டில் விளங்கும்.

அதே சட்டம் திறக்கும் நேரத்தையும் அடைக்கும் நேரத்தையும் அரசு விசாரணை நடத்தி ஆணையால் வகுக்கலாம் என்றது. ஊருக்கும் கடை வகைக்கும் பருவத்துக்கும் ஏற்ப அவை வேறுபடலாம். அடைக்கும் நேரத்தில் கடைக்குள் நிற்கும் வாடிக்கையாளருக்கு மேலும் கால் மணி நேரம் பொருள் விற்கலாம் என்ற விதிவிலக்கைச் சட்டம் வரைந்தவரின் உலகறிவாகவே கொள்ள வேண்டும். பணியாளரின் வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரம் சேர்த்தாலும் நாளொன்றுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி. திருவிழாக்களுக்காக 15 நாளுக்கு மிகாமல் தற்காலிகமாகப் போடப்படும் கடைகளுக்குச் சட்டம் பொருந்தாது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் முளைக்கும் கடைகள் இவ்வகையின.

உரிமையாளரே பணியாளராகும் கடை

சட்டத்தின் முதல் விதி 'ஒவ்வொரு கடையும்' என்றே கூறியது. பணியாளர் உள்ள கடை என்று கூறவில்லை. கணவனும் மனைவியும் மகனும் மட்டுமே நடத்தும் மளிகைக் கடைக்கும் அது பொருந்தியது. தம் உழைப்பையும் தம் கடையையும் தாமே ஆளும் ஒருவரை வாரம் ஒரு நாள் கடையடைக்கும்படி அரசு கட்டாயப்படுத்தலாமா? சிறுநகரக் கடைத்தெருவுக்கு இவ்வினா மிக நெருக்கமானது. சுவால்பேட்டை, பழனிப்பேட்டை போன்ற அரக்கோணத்துப் பகுதிகளின் கடைகளில் குடும்ப உழைப்பில் ஓடுபவை ஏராளம்.

இவ்வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றது, பஞ்சாபிலிருந்து. மனோகர் லால் என்னும் புத்தகக் கடைக்காரர் வெள்ளிக்கிழமையைத் தம் மூடுநாளாக அறிவித்திருந்தார். அந்நாளில் அவர் மகன் கடையில் விற்பனை செய்ததை ஆய்வாளர் கண்டார். கூலிக்கு ஆள் வைக்காத தமக்கு 1940-ஆம் ஆண்டுப் பஞ்சாப் வணிகப் பணியாளர் சட்டம் பொருந்தாது என்றும், பொருந்துமானால் அது தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்கு முரணானது என்றும் அவர் வாதிட்டார். 1961-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் இடம்பெற்ற இவ்வழக்கில் நீதிமன்றம் வாதத்தை ஏற்கவில்லை. உழைப்பவரின் உடல்நலம் சமூகத்தின் அக்கறைக்குரியது. அந்த அக்கறை உரிமையாளரையும் அவர் குடும்பத்தினரையும் உள்ளடக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பின் நடைமுறைப் பயனும் கருதத்தக்கது. குடும்பக் கடைக்கு விலக்குத் தந்தால், மூடுநாளில் கடைக்குள் நிற்பவர் மகனா கடைப்பையனா என்பதை ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் மெய்ப்பிக்க நேரும். கதவு பூட்டியிருந்தால் அவ்வினாவே எழாது. வார விடுமுறைச் சட்டத்தின் வலிமை இங்கேயே உள்ளது. கடைப் பணியாளருக்குச் சங்கம் அரிது. அவர் பெரும்பாலும் உரிமையாளரின் உறவினராகவோ ஊர்க்காரராகவோ இருப்பார். புகார் கொடுக்கத் துணியமாட்டார். அவர் வாய் திறக்காமலேயே அவருடைய ஓய்வை உறுதி செய்யும் கருவி பூட்டிய கதவு. தெருவில் நடந்து செல்லும் எவரும் விதி மீறப்பட்டதை அறியலாம். சட்டத்தை ஆய்வாளரோடு சேர்ந்து பக்கத்துக் கடைக்காரரும் காவல் காத்தார், தாம் மூடியிருக்கும்போது அவர் திறந்திருப்பதைப் பொறாத காரணத்தால். பொறாமையும் ஒரு நிருவாகக் கருவியாகப் பயன்பட்டதைத் தொழிலாளர் வரலாறு போதிய அளவு பதிவு செய்யவில்லை.

சந்திப்பு நிலையத்தின் ஓய்வு

அரக்கோணத்தை ஆய்வுக்களமாகக் கொள்வதற்கு வலுவான காரணம் அதன் ரயில்வே வரலாறு. தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குச் சென்றபோது அதன் வழியில் அரக்கோணம் அமைந்தது. 1865-இல் காஞ்சிபுரத்துக்குக் குறுகிய பாதை ஒன்று இங்கிருந்து போடப்பட்டது. வடமேற்கே பம்பாயை நோக்கிய பாதையும் இங்கேயே பிரிந்தது. தோல் வட்டாரத்தின் சரக்கும் ஆளும் சென்னைக்குச் செல்லும் வழியில் இச்சந்திப்பைக் கடந்தாக வேண்டும். சந்திப்பு நிலையத்தின் நாளுக்கு இரவும் இல்லை, ஞாயிறும் இல்லை.

ரயில்வே ஊழியரின் ஓய்வைச் சட்டம் வகுத்தது 1930-இல். தொடர்பணி செய்வோருக்கு ஞாயிற்றில் தொடங்கும் ஒவ்வொரு வாரத்திலும் 24 மணி நேரத் தொடர் ஓய்வு தர வேண்டும் என்று அவ்வாண்டு இந்திய ரயில்வே சட்டம் திருத்தப்பட்டது. ஞாயிறு இங்கு வாரத்தின் தொடக்கம் மட்டுமே; ஓய்வு எந்த நாளிலும் விழலாம். இடைவிட்ட பணியாளர் என்று வகைப்படுத்தப்பட்டோர் அவ்வுரிமையின் வெளியே நின்றனர். 1947-இன் இராஜாத்யட்ச தீர்ப்பாணை பணிநேரத்தையும் ஓய்வையும் மேம்படுத்தியது. கடைகள் சட்டமும் இத்தீர்ப்பாணையும் ஒரே ஆண்டுக்குரியவை என்பது தற்செயல்தான்; எனினும் இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் வாய்ப்பை அரக்கோணம் தருகிறது.

ஒரே ஊரில் இரு வகை ஓய்வு நிலவியது. கடைத்தெருவில் கடையோடு சேர்ந்து பணியாளரும் ஓய்ந்தார். ரயில்வே குடியிருப்பில் வண்டி ஓடிக்கொண்டேயிருக்க, ஊழியர் முறைவைத்து ஓய்ந்தனர். பின்னது சுழற்சி ஓய்வு. நிலையத்துக்குள் இருக்கும் சிற்றுண்டிக் கடைகளுக்கும் உணவறைகளுக்கும் அடைப்பு நேரம் பொருந்தாது என்று 1947-ஆம் ஆண்டுச் சட்டமே விலக்களித்திருந்தது. நிலையத்தின் வாயிற்படிக்கு உட்புறம் ஒரு காலக்கணக்கும், வெளிப்புறம் மற்றொரு காலக்கணக்கும் நடந்தன.

சுழற்சி ஓய்வு ரயில்வேயில் நிலைத்ததற்குக் காரணம் அதனைத் தாங்கிய அமைப்பு. எழுத்தில் வைத்த ரோஸ்டர் இருந்தது. அது மீறப்பட்டால் கேட்கத் தொழிற்சங்கம் இருந்தது. கேட்பதனால் வேலை போகாது என்ற பணிப்பாதுகாப்பு இருந்தது. இம்மூன்றும் இல்லாத இடத்துக்குச் சுழற்சி ஓய்வைக் கொண்டுசென்றால் என்ன நேரும் என்பதே 2019-க்குப் பிந்தைய வினா.

இவ்வமைப்புகள் இருந்தும் சுழற்சி ஓய்வு ஒன்றைத் தர இயலாது. அது கூடியிருக்கும் நேரம். சோவியத் ஒன்றியம் 1929-இல் ஆலைகளை இடைவிடாது ஓட்டுவதற்காக ஞாயிற்றை நீக்கி, தொழிலாளரை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்து நாளில் ஒரு நாள் ஓய்வு அளித்தது. கணக்குப்படி ஓய்வு நாள்கள் கூடின. ஆனால் கணவனுக்கு ஒரு நாளும் மனைவிக்கு வேறொரு நாளும் ஓய்வு விழுந்ததால் குடும்பங்கள் குமுறின. 1931-இல் அம்முறை கைவிடப்பட்டது. அரக்கோணத்து ரயில்வே குடும்பங்கள் இதனை நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. புதன்கிழமை ரெஸ்டில் இருக்கும் தந்தைக்குப் பள்ளி சென்ற பிள்ளைகளின் வீடு எப்படியிருக்கும் என்பது அவர்கள் அறிந்ததே.

2019-ஆம் ஆண்டு ஆணை

நடுவண் அமைச்சரவை 2016 ஜூனில் மாதிரிக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்ட முன்வடிவுக்கு ஒப்புதல் அளித்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள கடைகள் ஆண்டின் 365 நாளும் திறந்திருக்கலாம் என்பது அதன் மையக் கருத்து. மாநிலங்கள் அதனை ஏற்பதும் மாற்றுவதும் அவற்றின் விருப்பம். தமிழ்நாடு அரசு தன் சட்டத்தைத் திருத்தாமல், 2019-இல் தொழிலாளர் துறை வழியே மூன்றாண்டுக்கான விலக்காணையை வெளியிட்டது. பத்துப் பேருக்குக் குறையாத கடைகள் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். 2022-இலும் பின்னர் 2025-இலும் இது நீட்டிக்கப்பட்டது.

ஆணையின் நிபந்தனைகள் அலட்சியமாக எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு பணியாளருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை. விடுமுறையில் இருப்போர் பட்டியல் கடையில் வைக்கப்பட வேண்டும். ஊதியம் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும். மிகைநேரம் உட்பட வேலை நாளொன்றுக்குப் பத்தரை மணிக்கும் வாரத்துக்கு 57 மணிக்கும் மேற்படக் கூடாது. பெண்களை இரவு 8 மணிக்குப் பின் எழுத்து வழி இசைவு பெற்றே பணியமர்த்தலாம். அவர்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு வேண்டும். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54 மணி உச்சவரம்பு இங்கு 57 ஆகியிருப்பதையும், பட்டியல் என்னும் தாள் பூட்டிய கதவின் இடத்துக்கு வந்திருப்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தாளைப் படிக்கக் கடைக்குள் செல்ல வேண்டும். சென்று, பட்டியலில் விடுமுறை என்று எழுதப்பட்டவர் மாடியில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதற்குரிய எண்ணிக்கையில் உதவி ஆய்வாளர்கள் இருந்தால்தான் நிபந்தனை உயிர்பெறும். தெருவே காவல் காத்த விதி, அலுவலகம் மட்டுமே காக்கக் கூடிய விதியாகியிருக்கிறது. கடைப் பணியாளரின் நிலை எத்தகையது என்பதற்கு 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் சான்று. வேலை நேரத்தில் பணியாளர் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்ற விதியை, கேரளத்தை அடுத்து, தமிழ்நாட்டு சட்டமன்றம் அவ்வாண்டு சேர்த்தது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்ட இடத்தில், பட்டியலில் தம் பெயர் தவறாக எழுதப்பட்டுள்ளது என்று ஒருவர் சொல்வார் என எதிர்பார்ப்பது மிகை.

ஆணைக்கு ஆதரவான வாதங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 70 கி.மீ. புறநகர் ரயிலில் சென்று திரும்புவோர் ஊரில் கால் வைக்கும்போது இரவாகியிருக்கும். எம்ஆர்எஃப் டயர் ஆலையில் மாறுமுறைப் பணி. 1992 முதல் கடற்படை விமானத் தளமும் இங்கு உண்டு. வழக்கமான கடை நேரத்துக்கு வெளியே வாழும் மக்கள் இவ்வூரில் மிகுதி. அவர்களுக்கு நீண்ட நேரக் கடை தேவையே. ஆனால் ஆணை இத்தேவையைத் தீர்க்கும் கடையைத் தேர்ந்தெடுத்த முறையில் பிழை உள்ளது. இரவு வண்டியில் இறங்குபவர் தேடுவது பாலும் ரொட்டியும் மாத்திரையும். அவற்றை விற்பது தெருமுனைச் சிறு கடை. பத்துப் பேர் பணிபுரியும் துணிக்கடையோ நகைக்கடையோ நள்ளிரவில் திறந்திருப்பதால் அவருக்குப் பயனில்லை. விலக்குப் பெற்றது பின்னது. முன்னது இன்றும் வாரம் ஒரு நாள் மூட வேண்டிய சட்டக் கடப்பாட்டின் கீழேயே இருக்கிறது. நடைமுறையில் அது திறந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் உரிமையாகத் திறப்பதற்கும், கண்டுகொள்ளப்படாமையால் திறப்பதற்கும் இடையே ஒவ்வொரு ஆய்வின்போதும் சிறு வணிகர் உணரும் வேறுபாடு உண்டு.

ஒப்பீட்டுக்கு 2023-ஐ நோக்கலாம். தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த முன்வடிவு அவ்வாண்டு ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் நிறுத்தி வைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளிக்கு இருந்த குரல் கடைப் பணியாளருக்கு இல்லை. தமிழகத்தில் கடையடைப்பு என்பது வலிமையான அரசியல் மொழி. கட்சிகள் அதனைப் பேசுகின்றன, வணிகர் சங்கங்கள் மே 5 அன்று வணிகர் நாளாகக் கடைகளை அடைத்து மாநாடு கூட்டுகின்றன. கடைக்குள் நிற்பவர்களுக்காக அம்மொழி பேசப்பட்டது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவில் மட்டுமே.

பெயரிடப்பட்ட ஞாயிறுகள்

தமிழக அரசு ஞாயிற்றைப் பெயர் சொல்லிக் கடைகளை முழுமையாக மூடச் செய்த காலமும் ஒன்று உண்டு. பெருந்தொற்றின்போது, 2020 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் எல்லா ஞாயிறுகளும் தளர்வற்ற முழு ஊரடங்கு நாள்களாயின. 2022 ஜனவரியிலும் மூன்று ஞாயிறுகள் அவ்வாறு அமைந்தன. ஐரோப்பியச் சட்டங்கள் வழிபாட்டின் பெயரால் செய்ததை இங்கு நோய்த்தடுப்பு செய்தது. ஆலையும் அலுவலகமும் ஓயும் நாளில் கடையும் ஓய்ந்தது. ஆலைப் பெண்ணுக்கும் கடைப்பெண்ணுக்கும் ஒரே நாள் ஓய்வு வாய்த்தது. அதே நேரத்தில் சனிக்கிழமைக் கடைத்தெருவின் நெரிசல், ஞாயிற்றுத் தேவை மறைவதில்லை, இடம்பெயர்கிறது என்பதையும் காட்டியது.

நாட்கூலி பெறும் கடைப் பணியாளருக்கு அந்த ஞாயிறுகள் வார விடுமுறையின் பயனைத் தரவில்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூடுநாளில் ஊதியப் பிடித்தம் கூடாது. ஊரடங்கு நாளுக்கோ, ஊதியத்தைப் பிடிக்காமல் தர வேண்டும் என்று 2020 மார்ச்சில் நடுவண் அரசு பிறப்பித்த ஆணை மே மாதமே விலக்கிக்கொள்ளப்பட்டிருந்தது.

2025-இல் நீட்டிக்கப்பட்ட விலக்கின் காலம் முடியும்போது வினா மீண்டும் எழும். அப்போது ஆராயப்பட வேண்டியவை இரண்டு: சிறு கடைக்கு ஏன் விலக்கில்லை என்பதும், பெரிய கடையின் சுழற்சிப் பட்டியலைக் கடைக்குள்ளிருந்து வாயிற்புறத்துக்குக் கொண்டுவந்து, 1947-இன் அறிவிப்புப் பலகையைப் போலத் தெருவில் செல்பவரும் படிக்கும்படி வைக்கலாமா என்பதும்.